மை தடவாத ஓலை

பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. முன்னால் திண்ணை, நடுவில் ஒரு கூடம், பின்னால் அடுப்படி. கொரோனா ஊரடங்கில் லேப்டாப்போடு சென்னையிலிருந்து வந்தவன் அப்படியே தங்கிவிட்டேன். வேலை அமெரிக்க நேரத்தில். கூடத்தில் சிக்னல் ஒழுங்காக வரும் மூலையில் என் மேசை, அதிலிருந்து நாலடி தள்ளி அம்மாவின் பாய். வந்த முதல் வாரமே அம்மா சொன்னாள்: "தம்பி, அந்த வெள்ளை வெளிச்சம் மூஞ்சியிலயே அடிக்குதுப்பா. கண்ண மூடவே முடியல."

அன்று ராத்திரியே எடிட்டரை இருட்டுக்கு மாற்றினேன். கரும் பின்னணி, வெளிர் எழுத்து. புரோகிராம் எழுதுகிறவர்கள் 'டார்க் தீம்' என்று சொல்வது இதைத்தான். ஸ்டைலுக்காகச் சிலர் வைத்துக்கொள்வார்கள், கண்ணுக்கு நல்லது என்று நம்பிச் சிலர். என் வீட்டில் அது இடப் பற்றாக்குறையால் வந்தது.

இரண்டு வருடம் அந்தத் தீமோடு எந்த வம்பும் இல்லாமல் ஓடியது. பிறகு ஒரு மாதக் கடைசி நாள். வாடிக்கையாளர்களுக்குப் பில் அனுப்பும் ஒரு பழைய ஸ்கிரிப்ட். எனக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர் எழுதியது. அவரை நான் பார்த்ததில்லை. ஒரு இடத்தில் நின்றுபோயிருந்ததைச் சரிசெய்துவிட்டு, கோடை இரண்டு தடவை மேலிருந்து கீழே படித்துவிட்டு, ஓட்டினேன். காலையில் எழுந்தால் போன் நிறைய மெசேஜ். ஒரே பில் பல பேருக்கு இரண்டு முறை போயிருந்தது. ஒருவர் இரண்டுக்குமே பணம் கட்டியிருந்தார். அவருக்குப் பணம் திரும்பிப் போய்ச் சேர 11 நாள் ஆனது. அந்த 11 நாளும் தினம் ஒருமுறை போன் செய்தார். திட்டவில்லை. "இன்னைக்கு வந்துடுமா சார்?" என்று மட்டும் கேட்பார். திட்டியிருந்தால் தேவலை.

மீட்டிங்கில் ஒரே கேள்விதான் வந்தது: "மேலயே கமெண்ட்ல போட்டிருக்கே, பாக்கலையா?"

போட்டிருந்தது. தங்கிலீஷில், இரண்டே வரி. மாசக் கடைசியில் இதை ஓட்டாதீங்க, ரெண்டு தடவை போயிடும், நான் பட்டிருக்கேன் என்று. நான் பார்க்கவில்லை. இரண்டு தடவை படித்தும் பார்க்கவில்லை. சோம்பேறித்தனம் என்று ஒப்புக்கொண்டு, மன்னிப்புக் கடிதம் எழுதிவிட்டு வந்தேன். ஆனால் அது மட்டும்தானா என்று உள்ளே ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. கோடில் மற்ற ஒவ்வொரு வரியும் எனக்கு ஞாபகம் இருந்தது. அந்த இரண்டு வரி மட்டும் இல்லை.

அன்று மாலை அந்தத் தீமின் நிறங்களை எடுத்து அளந்து பார்த்தேன். இந்தக் கட்டுரை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

*

அளப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. காண்ட்ராஸ்ட் விகிதம் என்பார்கள். எழுத்தின் ஒளிர்வு, பின்னணியின் ஒளிர்வு, இரண்டோடும் 0.05 கூட்டி, பெரியதைச் சிறியதால் வகுக்க வேண்டும். எழுத்தும் பின்னணியும் ஒரே நிறம் என்றால் விடை 1. வெள்ளைத்தாளில் கருப்பு என்றால் 21. எல்லா விகிதங்களும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான். இணையம் எல்லோருக்கும் படிக்கக் கிடைக்க வேண்டும் என்பதற்காக 2008இல் வந்த டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.0 விதிகள், சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும் என்கின்றன. கறாரான நிலைக்கு 7.

என் தீமின் பின்னணி சிவப்பு 40, பச்சை 44, நீலம் 52. கமெண்டின் சாம்பல் 92, 99, 112. வகுத்தால் 2.3.

அதாவது பாஸ் மார்க்கில் பாதி. அம்மாவுக்காகத் திரை வெளிச்சத்தையும் குறைத்து வைத்திருந்தேன். இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. இரண்டு நிறமும் கருமைப் பக்கம் இருக்கும்போது இந்தக் கணக்கு கண்ணுக்குத் தெரிவதைவிடத் தாராளமாக மார்க் போட்டுவிடும் என்று, இதற்கு மாற்றாக ஏ.பி.சி.ஏ. என்ற முறையை உருவாக்கிய ஆண்ட்ரூ சோமர்ஸ் சொல்கிறார். அந்த 2.3கூடக் கருணை மார்க்தான்.

என் தீம் மட்டும்தான் இப்படியோ என்று புகழ்பெற்ற மற்றவற்றையும் எடுத்துப் பார்த்தேன்.

ஈதன் ஸ்கூனோவர் 2011இல் வெளியிட்ட சோலரைஸ்டு, நிறத்தைப் பற்றி உண்மையிலேயே யோசித்துச் செய்யப்பட்ட தீம். மொத்தம் 16 நிறங்கள். வெளிச்ச வடிவத்துக்கும் இருட்டு வடிவத்துக்கும் நடுவில் மாறினாலும் நிறங்களுக்கிடையே உள்ள ஒளிர்வு இடைவெளி மாறாதபடி கணக்குப் போட்டு அடுக்கியிருக்கிறார். ஒரு சங்கீதக்காரர் சுருதி சேர்க்கிற மாதிரியான வேலை. அதன் இருட்டு வடிவத்தில் சாதாரண எழுத்து 4.7, கமெண்ட் 2.8. ஜெனோ ரோச்சாவின் டிராகுலா 2013இல் வந்தது. இளஞ்சிவப்பு, பச்சை, ஊதா என்று தீபாவளி மாதிரி இருக்கும். அதில் கமெண்ட் மட்டும் மங்கிய நீலச் சாம்பல், 3. பனிப்பிரதேசத்தின் அமைதியை நினைவூட்டும் நார்டு தீமில் முதலில் கமெண்டுக்கு இருந்த நிறம் வெறும் 1.7. பயன்படுத்தியவர்கள் தெரியவில்லை, தெரியவில்லை என்று கேட்டுக் கேட்டு, முதலில் வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ள ஒரு வசதி கொடுத்தார்கள், அப்புறம் நிறத்தையே மாற்றினார்கள். மாற்றிய நிறத்தை அளந்தேன். 2.4.

மூன்று தீம்கள், மூன்று விதமான ரசனை. ஒரு விஷயத்தில் மட்டும் மூன்றும் ஒரே கட்சி: மெஷினுக்குச் சொல்வது பளிச்சென்று இருக்க வேண்டும், மனுஷனுக்குச் சொல்வது மங்க வேண்டும்.

அவர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. கோடுதான் ஓடுகிறது. கமெண்ட் ஓடுவதில்லை. நிறைய கமெண்டுகள் காலாவதியானவை. கோடை மாற்றியிருப்பார்கள், மேலே இருக்கும் விளக்கத்தை மாற்றியிருக்க மாட்டார்கள். ஒவ்வொரு பைலின் தலையிலும் யாரும் படிக்காத உரிம வாசகம் வேறு. இதெல்லாம் கண்ணை உறுத்தாமல் ஓரமாக நிற்கட்டும் என்பது ஒரு வடிவமைப்பாளரின் நேர்மையான முடிவாக இருக்கலாம். நான் கேட்பது ஒன்றுதான். ஓரமாக நிற்கச் சொல்வதற்கும் இருட்டறையில் போட்டுப் பூட்டுவதற்கும் வித்தியாசம் இல்லையா?

*

எங்கள் வீட்டிலிருந்து உத்தமதானபுரம் சைக்கிள் தூரம். 1855இல் பிறந்த உ.வே. சாமிநாதையரின் சொந்த ஊர். அங்கே அவருக்கு நினைவு இல்லம் இருக்கிறது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப் போனபோது எனக்கு அது இன்னொரு பழைய வீடு, அவ்வளவுதான். இந்தக் கமெண்ட் விவகாரத்துக்குப் பிறகுதான் அவர் செய்த வேலை என்னவென்று எனக்கு என் பாஷையில் புரிந்தது.

1880இல் கும்பகோணம் கல்லூரிக்குத் தமிழாசிரியராகப் போகிறார். அங்கே முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் பற்றிக் கேட்கிறார். அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கிய வேலை, நச்சினார்க்கினியர் உரையோடு 1887இல் அச்சாகி வெளிவருகிறது. நடுவில் ஏழு வருடம். அவர் கையில் இருந்த ஏடுகள் எப்படி இருந்திருக்கும்? ஓலையில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. பெரும்பாலும் புள்ளி கிடையாது. காலுக்கும் ரகரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. மூலம் முடிந்து உரை தொடங்குவதும், உரைக்குள் வேறொரு நூலின் மேற்கோள் வருவதும், எல்லாமே ஒரே ஓட்டத்தில், ஒரே அளவில் போகும். எது மூலம், எது உரை, எது மேற்கோள் என்று பதிப்பிக்கிறவர்தான் பிரித்தறிய வேண்டும்.

இன்றைக்கு எடிட்டர் நிறம் போட்டுச் செய்வது அந்த வேலைதான். இது கட்டளை, இது பெயர், இது மேற்கோள், இது உரை என்று பிரித்துக் காட்டுவது. கமெண்டுக்கு ஏற்ற பழைய தமிழ்ச் சொல் ஒன்று தேடினால் எனக்குக் கிடைப்பது 'உரை' என்பதுதான். ஆனால் உ.வே.சா. பிரித்த பிறகு உரையை மங்கவைக்கவில்லை. பழைய பதிப்புகளில் மூலத்தைப் பெரிய எழுத்திலும் உரையைச் சிறிய எழுத்திலும் அச்சடித்திருப்பதைப் பார்த்திருக்கிறோம். அளவு குறையும், மை குறையாது. அதே கருப்பு. ஏனென்றால் உரை இல்லாவிட்டால் மூலம் நமக்குப் பாதி மூடிய கதவு என்று அவர்களுக்குத் தெரியும். நச்சினார்க்கினியரை 2.3 விகிதத்தில் அச்சடித்திருந்தால் சிந்தாமணியை இன்று எத்தனை பேர் படித்திருப்போம்?

ஏட்டைப் பற்றி இன்னொன்று. தஞ்சாவூர் சரஸ்வதி மகாலில் ஓலைச்சுவடிகளைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். பார்க்கிறவர்களில் நிறைய பேர் அந்தக் கருப்பெழுத்தை மையால் எழுதியது என்றே நினைப்பார்கள். எழுத்தாணியில் மை இல்லை. அது ஓலையைக் கீறுகிறது, அவ்வளவுதான். கீறிய எழுத்தும் ஓலையும் ஒரே நிறம். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். அதற்குப் பிறகு விளக்குக்கரி மாதிரி ஏதாவது ஒன்றைப் பச்சிலைச் சாற்றோடோ எண்ணெயோடோ குழைத்து மேலே தடவித் துடைப்பார்கள். கரி கீறலுக்குள் தங்கும், மேற்பரப்பில் துடைபட்டுவிடும். அப்போதுதான் எழுத்து எழுந்து வரும்.

மை தடவாத ஓலையிலும் எழுத்து இருக்கிறது. எழுதியவர் தன் வேலையை முழுசாகச் செய்துவிட்டார். படிக்கிறவனுக்குத் தெரிய வைக்கும் கடைசி வேலை மட்டும் பாக்கி. எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் தன் இரண்டு வரியைக் கீறிவைத்துவிட்டுத்தான் போயிருந்தார்.

*

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்தப் பிரச்சினை இன்னும் ஒரு படி கூடுதல். இரவில் வேலை ஓய்ந்த நேரத்தில் அதே எடிட்டரில்தான் நான் கட்டுரைகள் எழுதுகிறேன், நண்பர்களின் கதைகளுக்குப் பிழை பார்க்கிறேன். ஒரு தடவை நண்பன் ஒருவனின் சிறுகதையை நள்ளிரவில் பார்த்துக் கொடுத்து, "சுத்தமா இருக்குடா" என்று அனுப்பிவிட்டேன். மறுநாள் பஸ்ஸில் போகும்போது போனில் வெள்ளைத் திரையில் அதையே திறந்தால், 'வந்தான்' இருக்க வேண்டிய இடத்தில் 'வந்தான'. 'கண்' இருக்க வேண்டிய இடத்தில் 'கண'. எல்லாம் புள்ளி.

ஆங்கிலத்தில் ஐ எழுத்தின் மேல் இருக்கும் புள்ளி தெரியாவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது. தமிழில் புள்ளி இருந்தால் மெய், இல்லாவிட்டால் உயிர்மெய். 'பால்' 'பால' ஆகிவிடும். திரையில் அந்தப் புள்ளி நாலைந்து பிக்சல். எழுத்துகளின் விளிம்பை மென்மையாக்குவதற்காகத் திரை அந்தப் பிக்சல்களையும் பின்னணியோடு கலக்கிறது. ஆக எழுத்தின் உடம்புக்கு விகிதம் 4.7 என்றால் புள்ளிக்குக் கண்ணில் வந்து சேர்வது அதைவிடக் குறைவு. ஓலையில் புள்ளி வைக்காததற்கு வழக்கமாகச் சொல்லும் காரணம், எழுத்தாணி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்பது. அச்சு வந்துதான் புள்ளி ஒழுங்காக நிலைத்தது. அதை மங்கலான சாம்பலில் நாம் திரும்பவும் தொலைக்கிறோம்.

இதோடு சாய்வெழுத்து வேறு. பல தீம்கள் கமெண்டை மங்கவைப்பது போதாதென்று சாய்த்தும் வைக்கும். லத்தீன் எழுத்துக்குச் சாய்வு என்பது தனியாக வரைந்த, வரலாறு உள்ள ஒரு வடிவம். தமிழுக்கு அப்படி ஒரு மரபு இல்லை. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவமே கிடையாது. அதனால் மென்பொருள் நேர் எழுத்தை அப்படியே ஒரு பக்கமாகத் தள்ளிவிடுகிறது. காற்றில் சாய்ந்த நாற்று மாதிரி நிற்கும். சுழிகள் நசுங்கும், புள்ளி நகர்ந்து பக்கத்து எழுத்தின் தலைக்கு மேல் போய் உட்காரும்.

இந்தத் தீம்களைச் செய்தவர்கள் தமிழை வஞ்சிக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. தமிழ் அவர்கள் கண்முன் வரவே இல்லை. வேறு எழுத்தைப் பார்த்து அளவெடுத்துத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, கை இறுக்குகிறது என்று நமக்குத்தான் முதலில் தெரியும். அப்போது சொல்ல வேண்டியதும் நாம்தான்.

*

இருட்டே வேண்டாம் என்று வெள்ளைக்குத் திரும்பிவிடலாமே என்று கேட்கலாம். படிப்பதற்கு அதுதான் நல்லது. ஜெர்மனியின் டியூசல்டார்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஒரு ஆய்வில் இளையவர்கள், வயதானவர்கள் இருவரையும் வைத்துப் பிழை திருத்தச் சொல்லிப் பார்த்தார்கள். வெளிர்ப் பின்னணியில் கரிய எழுத்து இருந்தபோதுதான் இரு தரப்பும் நன்றாகச் செய்தது. காரணம் கண்மணி. திரை இருட்டானால் கண்மணி விரியும். விரிந்தால் உருவத்தின் கூர்மை குறையும். கண்ணில் சிலிண்டர் பவர் இருப்பவர்களுக்கு வெளிர் எழுத்தைச் சுற்றி ஒளி கசிவது போல இருக்கும். டார்க் தீம் கண்ணுக்கு நல்லது என்ற பொதுநம்பிக்கையை நான் இப்போது நம்புவதில்லை.

எங்கள் பக்கத்து ஓவியர்களுக்கு இது ஆயிரம் வருடத்துக்கு முன்பே தெரிந்திருந்ததோ என்று எனக்கு ஒரு எண்ணம். தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றி ஓர் உட்சுற்று இருக்கிறது. வெளிச்சம் அதிகம் எட்டாத இடம். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி அங்கே நாயக்கர் கால ஓவியப் பூச்சு உதிர்ந்த இடங்களில் அடியில் சோழர் கால ஓவியங்கள் இருப்பதைக் கண்டார். சுந்தரர் கயிலைக்குப் போவது, திரிபுரம் எரித்தவர், தில்லை நடராசர். உள்ளே போக நமக்கு அனுமதி கிடைப்பது கஷ்டம். நான் பார்த்தது பிரதிகளையும் புகைப்படங்களையும்தான். அவற்றில் என்னை நிறுத்திய விஷயம்: இருட்டில் பார்க்க வேண்டிய படத்தை அவர்கள் இருட்டின் மேல் தீட்டவில்லை. அடியில் வெளிர்ச் சுண்ணாம்புப் பூச்சு. அதன் மேல் காவி, மஞ்சள், பச்சை, கரி. ஒவ்வொரு உருவத்துக்கும் சுற்றி அழுத்தமான கோடு. ஒரு நிறத்தையும் பக்கத்து நிறத்தையும் பிரிக்கும் பொறுப்பை நிறத்திடம் மட்டும் விட்டுவிடவில்லை. அகல் விளக்கு வெளிச்சத்தில் நிறம் ஏமாற்றும், கோடு ஏமாற்றாது.

ஆனால் எனக்கு வெள்ளைக்குத் திரும்ப வழியில்லை. நாலடி தள்ளி அம்மா. இருட்டுக்குள்ளேயே சரிசெய்ய வேண்டும்.

*

சரிசெய்ய உட்கார்ந்தபோது செய்த முதல் தப்பு, கமெண்டின் நிறத்தை மட்டும் ஏற்றியது. ஒரே நிமிட வேலை என்று நினைத்தேன். ஏற்றியதும் அது சாதாரண எழுத்தோடு கலந்துவிட்டது. எது கமெண்ட், எது கோடு என்றே தெரியவில்லை. ஒரு நிறத்தைத் தொட்டால் பக்கத்தில் இருக்கும் அத்தனையும் அசைகிறது. அதனால் அடியிலிருந்து தொடங்கினேன்.

பின்னணியை 24, 26, 30க்குக் கொண்டுபோனேன். முழுக்கருப்பு வைக்கவில்லை, அதில் எழுத்தைச் சுற்றி ஒளி கசிவது கூடுதலாகத் தெரிந்தது. எழுத்து 210, 206, 196. தூய வெள்ளையிலிருந்து ஒரு படி கீழே, லேசான பழுப்பு. விகிதம் 11. புள்ளிகள் திரும்பி வந்தன. கமெண்டுக்கு மஞ்சள்: 226, 192, 120. விகிதம் ஏறத்தாழ 10. ஒளிர்வில் எழுத்துக்குச் சமமாக, நிறத்தில் மட்டும் வேறாக. சாய்வை எடுத்துவிட்டேன்.

பிறகு நீலம். கருப்பு மேல் தூய நீலத்தின் விகிதம் வெறும் 2.4. நம் கண் ஒளிர்வை உணர்வதில் நீலத்துக்குப் பங்கு மிகக் குறைவு. கூர்மையாகப் பார்க்கும் விழித்திரை நடுப்பகுதியில் நீலத்தை உணரும் செல்கள் கிட்டத்தட்ட கிடையாது. கரும்திரையில் போல்டர் பெயர்கள் கருநீலத்தில் வந்து கண்ணைக் கெடுக்கும் அனுபவம் டெர்மினல் திறந்த எல்லோருக்கும் உண்டு. நீலத்தோடு வெள்ளை கலந்து வான் நிறமாக்கினேன். பழையதை நீக்கியதும் புதியதைச் சேர்த்ததும் சிவப்பு, பச்சை என்று காட்டுவதை ஆரஞ்சு, நீலம் ஆக்கினேன். சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாத நண்பன் ஒருவன் இருக்கிறான்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது ஒரு வரியை மவுசால் இழுத்துத் தேர்ந்தெடுத்தேன். தேர்ந்தெடுத்தால் பின்னணி நீலமாகும்: 38, 79, 120. அதன் மேல் என் பழைய சாம்பல் கமெண்டை வைத்துக் கணக்குப் போட்டேன். 1.4. அடப்பாவி! காப்பி செய்வதற்காக அந்த ஸ்கிரிப்டை அன்றிரவு நான் தேர்ந்தெடுத்தபோதும் அந்த இரண்டு வரி கிட்டத்தட்ட காணாமல் போயிருக்கும். என் புது மஞ்சளுக்கே அங்கே 4.9தான். தேர்வுப் பின்னணியை 50, 54, 66க்கு மாற்றியதும் 6.9 ஆனது. தீம் செய்கிறவர்கள் அதிகம் தவறவிடும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு எழுத்து நிறம் ஒரே பின்னணியில் வாழ்வதில்லை. தேடல், தேர்வு, பிழைக்கோடு, தற்போதைய வரி என்று அதன் அடியில் நிலம் மாறிக்கொண்டே இருக்கிறது. ஒரே வயலில் பார்த்துவிட்டு நாற்று நல்லது என்று சொல்ல முடியாது.

சோதனைக்கு மூன்று வழி வைத்துக்கொண்டேன். திரையை நிறமில்லாமல் கருப்பு வெள்ளையாக்கிப் பார்ப்பது, எல்லாம் படிக்க முடிகிறதா என்று. நடுமத்தியானம் திண்ணையில் வைத்துப் பார்ப்பது. ராத்திரி திரை வெளிச்சத்தைக் கால்பங்காகக் குறைத்துப் பார்ப்பது. மூன்றிலும் தேறினால் வைத்துக்கொள்வேன்.

நான் தனியாகக் கண்டுபிடித்த விஷயம் ஒன்றுமில்லை இது. சைப்ரஸைச் சேர்ந்த புரோட்டசிலாஸ் ஸ்டாவ்ரூ செய்த மோடஸ் தீம்கள், எந்த எழுத்துக்கும் 7க்குக் குறையக்கூடாது என்ற விரதத்தோடு உருவானவை. கமெண்டுக்கும் அதே விரதம். 2022இல் ஈமாக்ஸ் 28ஓடு சேர்ந்தே வந்தன. நான் இரண்டு வாரம் அதில் வேலை பார்த்தேன். எதுவும் ஒளியவில்லை. ஆனால் எல்லாமே ஒரே குரலில் பேசுகிற மாதிரி, மணி பன்னிரண்டுக்கு மேல் கண் களைத்துவிடுகிறது. தஞ்சாவூர் ஓவியத்தில் தங்கரேக்கு நகையிலும் திருவாசியிலும் ஒட்டுவார்கள், முகத்தில் ஒட்டமாட்டார்கள். பூஜை அறை இருட்டில் முகம் தெரிவது அதனால்தான். தீமுக்கும் அப்படி ஒரு கணக்கு வேண்டும். எதைத் தணிப்பது என்ற சுதந்திரம் வடிவமைப்பாளருக்கு உண்டு. தணிக்கலாம், ஆனால் படிக்க முடியாத அளவுக்கு அமுக்கக்கூடாது. அந்த எல்லைக்கோட்டை மோடஸ் போட்டுக் காட்டியிருக்கிறது. ரசனை அதற்கு மேலேதான் தொடங்க வேண்டும்.

*

நிறம் மாறிய பிறகு அந்த முன்னாள் ஊழியரின் பைல்களையெல்லாம் ஒரு ராத்திரி திறந்து பார்த்தேன். எங்கு பார்த்தாலும் மஞ்சள். இவ்வளவு எழுதியிருக்கிறாரா என்று ஆகிவிட்டது. ஒரு இடத்தில், இது ஏன் வேலை செய்யுதுன்னு எனக்கும் புரியல, தொடாதீங்க என்று. இன்னொரு இடத்தில், இங்க அவசரத்துல செஞ்சேன், மன்னிக்கவும் என்று. யாரிடம் மன்னிப்புக் கேட்டார்? அவருக்குப் பிறகு வரப்போகும் ஒருவரிடம். இரண்டு வருடமாக என் திரையில் அவர் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார்.

அடுத்த மாதக் கடைசி. அந்த ஸ்கிரிப்டைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தேன். அம்மா புரண்டு படுத்தாள்.

"என்ன தம்பி அது, மஞ்சளா என்னமோ தெரியுது?"

"எழுத்தும்மா. கண்ணுல அடிக்குதா?"

"அடிக்கலப்பா. நீ எழுதினியா?"

"இல்லம்மா. எனக்கு முன்னாடி இருந்தவர் எழுதினது."

"என்னவாம் அவருக்கு?"

"இன்னைக்கு இத ஓட்டாதேங்கிறார்."

"அப்புறம் என்ன, ஓட்டாத. மூடி வச்சிட்டுப் படு."